முற்றத்துக்கு எது? பட்டிப்பூவா, அலரியா?

புத்தளத்திலிருந்து பாலாவி வழியாகக் கற்பிட்டிக்குச் செல்லும் சாலையிலே பயணஞ் செய்தோர் அந்நிலத்தின் இயல்பை நன்கறிவர். கிழக்கே களப்பு, மேற்கே பெருங்கடல், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணற்றரை. கிணற்றிலே அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்தால் உவர்நீர் மேலேறிவிடும். மே மாதந் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மணலையும் உப்புத் துவலையையும் வாரிவந்து இலைகளின்மேல் வீசும். ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலே பெய்து ஓய்ந்துவிடும்.

இத்தகைய நிலத்திலே வீடு கட்டிக் குடிபுகுந்த குடும்பத்தினர், முற்றத்தைப் பூக்களால் அழகுபடுத்த விரும்புதல் இயல்பே. மலைநாட்டுக்குச் சென்று திரும்புகையில் ஆசையோடு ரோசாச் செடிகளை வாங்கி வருவர். அவை ஆடிக் காற்றுக்கு முன்னே கருகிவிடும். எஞ்சியவற்றை வேலி தாண்டி வரும் ஆடுகள் மேய்ந்துவிடும். கற்பிட்டிப் பக்கத்திலே தெருவில் திரியும் கழுதைகளும் தம் பங்குக்கு வந்து சேரும். இவ்வளவுக்கும் பின்னர், நீரூற்றுவாரின்றியும் பூத்துக் குலுங்கி நிற்பவை இரண்டு. ஒன்று பட்டிப்பூ, மற்றொன்று அலரி. இரண்டும் ஓராண்டில் மடியாது பல ஆண்டு நின்று பூப்பவை. இவற்றுள் எதனை நடுவது என்று கேட்டால், விடை நிறத்தையும் அழகையும் மாத்திரம் பொறுத்ததன்று. அந்த முற்றத்திலே யார் விளையாடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது.

ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்

பட்டிப்பூவைத் தமிழகத்தார் நித்தியகல்யாணி என்பர். நாள்தோறும் பூப்பதால் அமைந்த மங்கலப் பெயர் அது. சிங்களத்திலோ அதற்கு 'மினி மல்' என்று பெயர். பிணப்பூ என்பது பொருள். ஒரே பூவுக்கு ஒரு மொழியிலே மணக்கோலம். மற்றொரு மொழியிலே மயானக்கோலம்!

தாவரவியலார் பட்டிப்பூவையும் அலரியையும் அப்போசினேசி என்னும் ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். மாணவர்கள் இவ்விரண்டின் மொட்டையும் பறித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பறித்தபின் கையை நன்றாகக் கழுவுதல் வேண்டும். ஐந்து இதழ்களும் ஒன்றையொன்று தழுவி, காற்றாடிபோல் முறுக்கிக் கொண்டிருப்பதைக் காண்பர். பட்டிப்பூவிலே இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். அலரியிலே பெரும்பாலும் கணுவுக்கு மூன்றாக வட்டமிட்டிருக்கும். இரண்டின் இலையையும் தின்னும் பச்சைப் புழு ஒன்றுண்டு. தலைக்குப் பின்னே இரண்டு நீலக் கண்கள் போன்ற புள்ளிகளை உடையது. அது பின்னர் அலரி விட்டிலாகப் பறந்து செல்லும்.

ஆடு உண்ணாத இலையை அப்புழு மாத்திரம் உண்பானேன்? இரண்டு செடிகளும் தம்மைக் காத்துக்கொள்வது நஞ்சினாலே. அந்த நஞ்சைத் தாங்கும் ஆற்றல் அப்புழுவுக்கு உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் இல்லை.

பட்டிப்பூவின் இயல்பு

பட்டிப்பூவின் தாயகம் ஆபிரிக்காவின் கிழக்கேயுள்ள மடகஸ்கார் தீவு. முழங்கால் முதல் இடுப்பு வரை உயர்ந்து வளரும். ஊதா கலந்த இளஞ்சிவப்பு, தூய வெண்மை, வெண்மையின் நடுவே செங்கண் எனப் பல நிறங்களிற் பூக்கும். விதைத்த இரண்டு மூன்று மாதங்களிலே பூக்கத் தொடங்கி, ஆண்டு முழுவதும் ஓயாது பூக்கும். காய் வெடித்துச் சிந்தும் விதைகள் மழை வந்ததும் தாமாகவே முளைக்கும். ஒரு முறை நட்டவர் மறுமுறை விதை தேட வேண்டுவதில்லை.

இதற்கு வேண்டியவை வெயிலும் நீர் வடியும் மண்ணுமே. கற்பிட்டி மணல் இவ்விரண்டையும் தாராளமாகத் தருகிறது. நீர் தேங்கினால் மாத்திரம் வேர் அழுகிவிடும். ஆகவே அன்போடு அளவுக்கு மிஞ்சி நீரூற்றுவோரே இதற்குப் பகைவர். ஒக்டோபர் மழைக்குச் சற்று முன்னர், சாணவுரம் கலந்த மணலிலே விதைத்து, ஓரடி இடைவெளிவிட்டு நடுதல் நன்று. நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்டு மரத்துப் பூக்குறையும்போது பழையதை நீக்கி, காலடியில் முளைத்த புதுக்கன்றை வளரவிடலாம்.

அலரியின் இயல்பு

அலரி மத்தியதரைக் கடற்பகுதி தொட்டுத் தென்னாசியா வரை நெடுங்காலமாக வளர்ந்துவரும் செடி. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பக்கூடியது. செம்மை, இளஞ்சிவப்பு, வெண்மை ஆகிய நிறங்களில், ஒற்றையாகவும் அடுக்காகவும் பூக்கும். பூசைக்கு உகந்த மலராகச் சைவர்கள் இதனைப் போற்றுவர். ஆயினும் மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்திலே, கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லப்படும் சாருதத்தனுக்குச் சூட்டப்படுவதும் அலரி மாலையே.

வறட்சியைத் தாங்குவதில் அலரிக்கு நிகர் அரிது. அதன் இலையின் அடிப்புறத்திலே சிறு குழிகள் உண்டு. இலைவாய்கள் அக்குழிகளுக்குள்ளே, நுண்மயிர்களின் மறைவில் அமைந்திருப்பதால் வறண்ட காற்று நீரை எளிதில் உறிஞ்சிக்கொள்ள இயலாது. தடித்த இலை உப்புத் துவலையையும் பொருட்படுத்தாது. கடற்காற்றைத் தடுக்கும் வேலிக்கு இதனிலும் ஏற்ற பூஞ்செடி காண்பது கடினம். ஓரடி நீளத் தண்டை ஈரமணலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர்விடும். வேலியாக நடும்போது ஆறடிக்கு ஒன்றாக நட்டாற் போதும்.

இவ்வாறு பார்த்தால் அலரியே சிறந்ததென்று தோன்றும். ஆனால் கதையின் மறுபாதி இனிமேற்றான் வருகிறது.

நஞ்சும் மருந்தும்

அலரியின் வேர், தண்டு, இலை, பூ, விதை யாவும் நஞ்சு. அந்நஞ்சு நேரே இதயத்தைத் தாக்கி, அதன் துடிப்பைக் குலைத்துவிடும். பச்சை இலையைக் கசப்பின் காரணமாக ஆடுமாடுகள் தொடுவதில்லை. வெட்டிப்போட்ட கிளை உலர்ந்தால் கசப்புக் குறையும், நஞ்சோ குறையாது. உலர்ந்த அலரியிலை தீனியோடு கலந்து கால்நடைகள் மாண்டுபோவதுண்டு. கிளைகளை எரிப்பதும் தவறு, புகையிலும் தீங்குண்டு.

அலரி என்ற பெயரால் விளையும் மயக்கத்தையும் இங்கே நீக்கிவிடல் வேண்டும். கொழும்பிலுள்ள பிரதமரின் உத்தியோக இல்லத்தை அலரி மாளிகை என்கிறோம். அப்பெயருக்குக் காரணமானது சிங்களத்தார் 'அரலிய' என்னும் கோயிற் பூமரம்; நாம் இங்கே பேசும் அலரியன்று. வேறொன்று மஞ்சள் அலரி. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து, நம் நாட்டில் வேலிகள்தோறும் பரவியது. 1980களின் தொடக்கம் முதல் வடபகுதியிலும், பின்னர் தீவின் ஏனைய பகுதிகளிலும் அதன் விதை பல உயிர்களைப் பறித்தது. அந்நஞ்சை முறிக்கும் எதிர்மருந்து பயனளிப்பதை, இலங்கையிலே நடத்தப்பெற்று 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் அம்மருந்தின் விலை மிக அதிகம். வேலியில் இலவசமாக வளரும் நஞ்சுக்கு மருந்து இவ்வளவு அரிதாயிருப்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பட்டிப்பூவின் கதை வேறு விதமானது. 1952 ஆம் ஆண்டில் கனடா நாட்டு வைத்தியர் கிளார்க் நோபிலுக்கு ஜமெய்க்காவிலிருந்து பட்டிப்பூ இலைகள் தபாலிலே வந்தன. அங்குள்ளோர் அதனை நீரிழிவுக்குக் கசாயமாகக் குடித்து வந்தனர். அவர் அவற்றைத் தம் சகோதரரும் ஆராய்ச்சியாளருமான ரொபேட் நோபிலுக்கு அனுப்பினார். சோதனையிலே சர்க்கரை குறையவில்லை. குருதியின் வெள்ளணுக்களே குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் நோயன்றோ குருதிப் புற்றுநோய்! ரொபேட் நோபிலும் சார்ள்ஸ் பியரும் தொடர்ந்து ஆராய்ந்து, 1958 இல் வின்பிளாஸ்ரின் என்னும் மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டனர். பின்னர் அதே செடியிலிருந்து வின்கிறிஸ்ரின் கிடைத்தது. குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு இன்றும் உலகெங்கும் வழங்கப்படும் மருந்துகளுள் அஃது ஒன்று.

எனினும் இதைப் படித்துவிட்டு முற்றத்து இலையைப் பறித்து அவித்துக் குடிக்க எண்ணுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். ஒரு கிராம் வின்பிளாஸ்ரின் பெற ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வைத்தியசாலையிலே அம்மருந்தைக் குருதிச் சோதனைகளோடு அளந்து கொடுப்பர். வீட்டுக் கசாயத்துக்கு அளவில்லை. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களையே அது குறைத்துவிடலாம். நீரிழிவுக்கு அதனை நம்பிச் சரியான மருந்தைக் கைவிடுதல் பேதைமை.

எதை எங்கே நடுவது?

குழந்தைகள் தவழ்ந்து விளையாடும் முற்றமாயின் அலரி வேண்டா; பட்டிப்பூவே போதும். அதனையும் வாயில் வைக்கலாகாதென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். மிகச் சிறு குழந்தை உள்ள வீட்டில், கைக்கு எட்டாத உயரத்திலே தொட்டியில் வளர்ப்பது மேலும் நன்று. பிள்ளைகள் வளர்ந்து, கடற்காற்றைத் தடுக்க வேலி தேவைப்படும் வீடாயின், கிணற்றுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் விலகிய எல்லையில் செவ்வலரியை நடலாம். கையுறை அணிந்து வெட்டி, கிளைகளைக் குழியிலே புதைத்தல் வேண்டும். மஞ்சள் அலரிக்கு எந்த வீட்டிலும் இடம் வேண்டா.

தவறி யாரேனும் இவற்றை உண்டுவிட்டால், வாந்தியெடுக்கச் செய்து காலங்கடத்தாதீர்கள். 1990 என்னும் சுவசெரிய இலக்கத்தை அழைத்து, அல்லது கிடைத்த வாகனத்தில், அண்மையிலுள்ள அரச வைத்தியசாலைக்கு விரையுங்கள். உண்ட செடியின் கிளையொன்றையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.

உப்புக்காற்றிலும் வாடாது பூப்பவை இவ்விரண்டும். அவற்றின் உறுதிக்குக் காரணமான நஞ்சையும் அறிந்து நடுவோர்க்கு அவற்றின் அழகு அச்சமின்றிக் கிடைக்கும். இன்று மாலை உங்கள் வேலியோரமாக ஒரு முறை நடந்து, அங்கே பூத்து நிற்பது எது என்று பெயரறிந்து பாருங்கள். பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்லுங்கள்.