கட்டம் போட்ட முகம்

நாடாளுமன்றப் பழைய கட்டடத்தின் மைய மண்டபத்தில் உள்ள நேதாஜி ஓவியத்தை எப்படி வரைந்தார்கள் என்று டெல்லியிலிருந்து ஒரு மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார்.

1943இல் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அறிவித்து, 'டெல்லி சலோ' என்று முழங்கியவர் படையோடு டெல்லி வந்து சேரவில்லை. சிந்தாமணி கர் வரைந்த அவர் படம் 1978 ஜனவரி 23 அன்று அங்கே திறந்து வைக்கப்பட்டது. கர் பெயர்பெற்ற சிற்பி. 1948 லண்டன் ஒலிம்பிக் கலைப் போட்டியில் வெள்ளி வென்றவர். ஆனால் எதிரே உட்கார நேதாஜி இல்லையே!

ஆள் எதிரில் இருந்தால் ஓவியர் நேரே கித்தானில் கை வைக்கமாட்டார். முதலில் 'ஸ்டடி' எனப்படும் முன்வரைவு. கண்ணுக்கு ஒரு தாள், கைக்கு ஒரு தாள், கழுத்துத் திருப்பத்துக்கு ஒன்று. உட்கார்ந்தவர் களைத்துப்போவார், வெளிச்சம் நகர்ந்துவிடும். அதற்குள் முகத்தைச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஓர் உதாரணம்: 1954இல் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் 80ஆம் பிறந்தநாளுக்காக அந்நாட்டு நாடாளுமன்றம் ஓவியர் கிரஹாம் சதர்லேண்டை அவர் படத்தை வரையச் சொன்னது. ஸ்டடியின் மேல் கட்டம் போட்டு, கித்தானிலும் பெரிய கட்டங்கள் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெருக்கி எழுதுவது சதர்லேண்டின் வழக்கம். சிறுவயதில் நான் வாய்பிளந்து பார்த்த சென்னை சினிமா பேனர் ஓவியர்களின் முறையும் இதேதான். ஒரு கட்டத்தில் பாதிப் புருவம், அடுத்ததில் மூக்கின் விளிம்பு. பெரிய தலைவர் என்ற பிரமிப்பு அங்கே கரைந்துபோகிறது. கோடும் நிழலும்தான் மிச்சம்.

முடிந்த படம் சர்ச்சிலுக்குப் பிடிக்கவில்லை. மனைவி கிளெமென்டைனின் விருப்பப்படி அது எரிக்கப்பட்டது. ஸ்டடிகள் தப்பின. அவற்றில் ஒன்று 2024இல் ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. இரண்டாம் உலகப் போரில் வென்ற மனிதரின் முதுமையை இன்று அவற்றில்தான் பார்க்கிறோம்.

நம் நாட்டிலும் இந்த உழைப்பு உண்டு. 1938இல் நேதாஜி தலைமை தாங்கிய ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக ஓவியர் நந்தலால் போஸ் ஊர் மக்களைத் தாளில் வரைந்து பழகிய பிறகே பேனல்களைத் தீட்டினார். அந்தப் பேனல்களில் பலவற்றை டெல்லி ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீன கலைக்கூடம் பாதுகாக்கிறது. மாணவி அவசியம் போய்ப் பார்க்கட்டும்.

என் ஆதங்கம் வேறு. இன்று தலைவர் படம் வேண்டுமென்றால் ஒரு புகைப்படத்தையும் திறப்பு விழாத் தேதியையும் ஓவியரிடம் நீட்டிவிடுகிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம். ஸ்டடித் தாள்கள் எங்கே என்று கேட்பதில்லை. படம் வாங்கும் அரசு அந்தத் தாள்களையும் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்ற வேண்டும். தலைவரை வணங்கப் படம் போதும். அறிந்துகொள்ள ஸ்டடி வேண்டும்.