சிங்கப்பூர்ச் செலவு

கரிசல் மண்ணூராகிய திருவேங்கடத்திலிருந்து ஒரு குடும்பம் சிங்கப்பூர் காணப் புறப்படுவதாகக் கொள்க. மூத்த மகளுக்கு வயது 15, மகனுக்கு 9, இளையவளுக்கு 3. மூவர்க்கும் ஒரே திட்டம் பொருந்துமோ?

முதற்கண் கடவுச்சீட்டு. கைக்குழந்தைக்கும் அது தனியே வேண்டும். 15 வயதிற்குட்பட்டோரின் சீட்டு 5 ஆண்டே செல்லும். ஆதலின் பழைய சீட்டின் காலத்தை முன்னரே நோக்குதல் நன்று.

சிங்கப்பூரின் கடிகாரம் நம் நாட்டதினும் இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை 8 மணி அடிக்கையில் இளையவளின் உடலுக்கு விடியற்காலை ஐந்தரையே. அவளை அப்பொழுது எழுப்பி ஊர் சுற்றினால் நண்பகலில் அனைவரும் அவள் அழுகையையே காண்பர்! முதல் நாள் பிற்பகலில் தாவரவியற் பூங்கா போதும். 1859-இல் தோன்றிய அப்பூங்காவிற்கு 1877-இல் ரப்பர்க் கன்றுகள் வந்தன. மரம் கெடாமல் பால் வடிக்கும் முறையை ரிட்லி என்னும் அறிஞர் அங்கேதான் ஆராய்ந்து கண்டார். பின்னர் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் பல்லாயிரவர் கடல் கடந்து சென்றனர். மூத்தவள் அறியவேண்டிய வரலாறு இது. சிறியவர் இருவரும் அப்பூங்காவிலுள்ள சிறுவர் தோட்டத்தில் கட்டணமின்றி விளையாடலாம்.

மண்டாய் விலங்குப் பூங்காவை மகன் விடான். அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். அன்று மாலை மூத்தவள் விரும்பும் தேசிய நூலகத்திற்குத் தந்தை அவளுடன் செல்ல, தாய் சிறியவர்களுடன் விடுதியில் இளைப்பாறலாம். மறுநாள் முறை மாறும்.