தண்ணீர்க் கணக்கு – 9: ஆண் மீனுக்குச் சினை

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் என்று ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றில் இறங்கி, கடைசியில் செம்பரம்பாக்கத்தில் சேரும் பாதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தண்ணீரில் கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிபடாத ஒரு சரக்கு இந்த வாரக் கணக்கு.

செம்பரம்பாக்கம் முழுக்க நிரம்பினால் 3.645 டிஎம்சி. லிட்டரில் சொன்னால் சுமார் 10,300 கோடி. அவ்வளவு நீரிலும் லிட்டருக்கு 5 நானோகிராம் வீதம் ஒரு செயற்கை ஹார்மோனைக் கலக்க வேண்டுமென்றால் எத்தனை லாரி தேவைப்படும்? லாரியெல்லாம் வேண்டாம். அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போதும். கைப்பையில் கொண்டு போய்விடலாம்.

5 நானோகிராம் என்ற அளவை நான் சும்மா எடுக்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் 260 என்ற எண் கொண்ட ஏரியில், கேரன் கிட் என்ற விஞ்ஞானியின் குழு 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகள் எத்தினைல் எஸ்ட்ரடையாலை விட்டுக்கொண்டே இருந்தது. கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் அதுதான். நீரில் லிட்டருக்கு 5, 6 நானோகிராம் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஏராளமாக இருந்த ஃபேட்ஹெட் மின்னோ என்ற பொடி மீனில் ஆண்கள் பெண்தன்மை கொண்டன, விந்து முதிரவில்லை, குஞ்சு வரவு நின்றது. அந்த இனம் ஏரியிலிருந்து ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது. மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கவில்லை என்பதுதான் இதில் பயங்கரம். நம் ஊரில் மீன் செத்து மிதந்தால் செய்தி, மறுநாள் அதிகாரிகள் வருகை, மாதிரி சேகரிப்பு. பிறக்காமல் போன மீனுக்கு யார் வருவார்கள்? 2007-இல் இந்த முடிவு வெளியானது. ஹார்மோன் விடுவதை நிறுத்திய பிறகு, சில ஆண்டுகளில் அந்த மீன் திரும்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மீனுக்கு உள்ளே நடப்பது இது. பெண் மீன் சினைப் பருவத்துக்கு வரும்போது, ஈஸ்ட்ரோஜன் அதன் கல்லீரலுக்குச் சொல்லும். கல்லீரல் விட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடும். அது சினையில் போய் மஞ்சள் கருவாகும். ஆண் மீனிடமும் அந்தப் புரதத்துக்கான மரபணு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் போதாததால் வாழ்நாள் முழுக்கத் தூங்குகிறது. நீரில் வரும் ஹார்மோன் அதை எழுப்பிவிடுகிறது. முட்டையே இடாத ஆண் மீன், முட்டைக்கான சத்தைச் சுமந்து திரிந்து சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்கிறது. மீனின் பாலினம் நம்முடையதைப் போல இறுகிப்போனது அல்ல. ஜிலேபி மீன் பண்ணைக்காரர்களைக் கேளுங்கள்: ஒரு கிலோ தீவனத்தில் 60 மில்லிகிராம் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கலந்து குஞ்சுகளுக்கு மூன்று, நான்கு வாரம் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாமே ஆணாகும். உலகம் முழுக்க நடக்கும் வியாபாரம் அது.

சரி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழில் வட்டாரத்துத் தண்ணீரில் ஹார்மோன் இருந்தால் யாரைச் சந்தேகிப்பது? மாத்திரையைத்தான் என்று கை நீளும். கணக்குப் போடுவோம். அரசு கொடுக்கும் மாலா-என் மாத்திரை ஒன்றில் 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ரடையால். அந்த அரை கிலோவுக்கு ஒரு கோடியே எழுபது லட்சம் மாத்திரைகள் வேண்டும். அதுவும் உடலில் எதுவும் அழியாமல் அப்படியே ஏரிக்கு வந்தால். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். மாத்திரை போடுபவர்கள் மிகச் சொற்பம். மருந்துக் கடையில் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டாலே முறைத்துப் பார்க்கும் ஊர் இது. இங்கே குற்றத்தைப் பெண்கள் தலையில் கட்டுவது வசதியான சோம்பல்.

பெரிய பங்கு இரண்டு இடங்களிலிருந்து வரக்கூடும். ஒன்று, நாம் எல்லோரும். ஆண், பெண், கர்ப்பிணி, கறவை மாடு, அத்தனை பேர் சிறுநீரிலும் இயற்கை ஈஸ்ட்ரோஜன் போகிறது. உடல் அதைக் கட்டிப்போட்டுத்தான் வெளியே விடுகிறது. சாக்கடை நுண்ணுயிர்கள் அந்தக் கட்டை அவிழ்த்து மறுபடி வேலை செய்ய வைக்கின்றன! ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதி வளாகத்தில் மட்டும் 18,720 படுக்கைகள். சுற்றுக் கிராமங்களில் அறைக்கு ஆறேழு பேராக வாடகைக்கு இருப்பவர்கள் தனி. அந்த வீடுகளின் கழிவு செப்டிக் டேங்கில் நிரம்பி, லாரியில் ஏறுகிறது. லாரி அதை இரவில் எங்கே கொட்டுகிறது என்பது சென்னைப் புறநகர் முழுக்கப் பழைய புகார்.

இரண்டாவது, ஹார்மோன் வேஷம் போடும் ரசாயனங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் தொழிற்சாலைச் சோப்புகள் சிலவற்றில் உள்ள பொருள், சிதைந்து நோனைல்ஃபீனாலாகிறது. எபாக்ஸி பூச்சு, பாலிகார்பனேட் ஆகியவற்றின் மூலப்பொருள் பிஸ்பீனால்-ஏ. கார், கைபேசி, பெயின்ட் ஷாப் என்று வாழும் வட்டாரத்தில் இவை அன்னியமல்ல. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் இவ்விரண்டு வகையையும் தேடிக் கண்டு, 2014-இல் எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் பங்கேற்ற ஸ்வீடன்காரர் யோவாகிம் லார்சன், 1999-இல் தம் நாட்டுச் சாக்கடை நீரில் எத்தினைல் எஸ்ட்ரடையாலைப் பிடித்தவர். 2007-இல் ஹைதராபாத் அருகே படான்செருவில் மருந்து ஆலைக் கழிவைச் சோதித்து, அதில் ஆன்டிபயாட்டிக் குவிந்திருப்பதைக் காட்டியவரும் அவரே.

இங்கிலாந்தில் யார்க்‌ஷையரின் ஏர் நதிக்கரையில் கம்பளி ஆலைகள் நோனைல்ஃபீனாலாகச் சிதையும் அந்தச் சோப்பைத்தான் பயன்படுத்தின. கீழே நதியில் ஆண் மீன்களின் விரை வளர்ச்சி தடைபட்டது. ஆலைகள் சோப்பை மாற்றின, பாதிப்பு குறைந்தது. எனக்கு இந்தக் கதைமேல் தனிப் பிரியம். ஏனென்றால் அங்கே மாறியது ஒரு கொள்முதல் பட்டியல்தான்.

சாக்கடை ஹார்மோன் அவ்வளவு சுலபமில்லை. வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் (எஸ்டிபி) இயற்கை ஹார்மோனைப் பெருமளவு தின்றுவிடும், செயற்கையானது அடம்பிடிக்கும். ஓசோன் அல்லது கரித்தூள் படி ஒன்று கூடுதலாக வேண்டும். அதற்கு யார் காசு? ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த சட்டம், அந்தச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப்பொருள் கம்பெனிகள் தலையில் வைத்தது. கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. இங்கே 2020 ஜனவரியில் மத்திய அரசு மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாட்டிக்குக்கு உச்சவரம்பு வைத்து வரைவு வெளியிட்டது. 2021-இல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்பைக் காணோம். ஹார்மோன் பேச்சுக்கே வரவில்லை. எஸ்டிபியிலிருந்து வெளியேறும் நீருக்கு பிஓடி, சிஓடி, மிதக்கும் திடப்பொருள், மலக் கிருமி என்று பார்ப்பார்கள். அத்தனையிலும் தேறிய நீர், ஆண் மீனுக்குச் சினை பிடிக்க வைக்கலாம்.

நானோகிராம் அளக்கும் கருவி கோடிக்கணக்கில் விலை. ஆனால் மீனையே கருவியாக்கிய வழி இங்கிலாந்தில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. கழிவுநீர்க் குழாய் வாயில் கூண்டில் ஆண் மீனை விட்டு, சில வாரம் கழித்து ரத்தத்தில் விட்டெல்லோஜெனின் பார்ப்பது. செம்பரம்பாக்கத்துக்கு நீர் இறங்கும் ஒவ்வொரு கால்வாய் முகத்திலும் பத்து ஆண் ஜிலேபியைக் கூண்டில் விட மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் என்ன தடை? கண்டுபிடித்துவிட்டால் அடுத்து ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை.

(தொடரும்)