காசு குறைந்தால் வார இறுதி குறைய வேண்டுமா?

ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பங்களில், சனிக்கிழமை காலையில் பெற்றோர் அஞ்சும் கேள்வி ஒன்று உண்டு. "இன்று எங்கே போகிறோம்?" நான்கு பேர் திரையரங்குக்குப் போய், வெளியே சாப்பிட்டுத் திரும்பினால் செலவு நூறு வெள்ளியை நெருங்கிவிடும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே பள்ளி விடுமுறை முடிந்துவிடுகிறது. ஒரு கட்டத்தில் பிள்ளை கேட்பதையே நிறுத்திவிடுகிறது. நாம் கவலைப்பட வேண்டியது அப்போதுதான்.

சிங்கப்பூரில் காசு கொடுக்காமல் பார்க்கவும் கேட்கவும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் தகவலுக்கும் திட்டத்திற்கும்தான்.

பூமலையை எடுத்துக்கொள்வோம். 1859ல் தொடங்கி, 2015ல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஆர்க்கிட் தோட்டத்திற்கு மட்டுமே கட்டணம். அங்குள்ள ஏரி மேடையில் அவ்வப்போது இலவச இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஒரு பாயை எடுத்துச் சென்றால் போதும், புல்வெளியில் குடும்பமாக அமர்ந்து கேட்கலாம். கரையோரப் பூந்தோட்டங்களிலும் அப்படித்தான். கண்ணாடிக் கூடங்களுக்குக் கட்டணம் உண்டு. வெளித்தோட்டத்தில் இரவு 7.45 மணிக்கும் 8.45 மணிக்கும் நடைபெறும் ஒளி, இசைக் காட்சியை இலவசமாகப் பார்க்கலாம்.

கலை நிகழ்ச்சி வேண்டுமா? 2002ல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட்டில் பெரிய அரங்குகளுக்கு நுழைவுச்சீட்டு தேவை. ஆனால் உள்கூடத்திலும் நீர்முகத்தில் உள்ள திறந்தவெளி அரங்கிலும் இலவச நிகழ்ச்சிகள் தொடர்ந்து நடக்கின்றன. இந்தியக் கலைகளுக்கான 'கலா உத்சவம்' விழாவிலும் இலவச அங்கங்கள் உண்டு. ஏப்ரலில் தமிழ்மொழி மாதம் வந்துவிட்டால் நாடகம், பேச்சு, போட்டி என்று கட்டணமில்லா நிகழ்ச்சிகள் நிறைய.

தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் காட்சிகளைச் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 2013 மே மாதத்திலிருந்து இலவசமாகப் பார்க்கலாம். 2015ல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்திலும் அவர்களுக்குக் கட்டணமில்லை. தேக்காவுக்கு மளிகை வாங்கப் போகும் அன்றே ஒரு மணி நேரம் ஒதுக்கினால், தாத்தா பாட்டி காலத்துக் கதைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

சரி, இலவசம் என்று கிளம்பியும் ஏன் பணப்பை காலியாகிறது? நுழைவாயிலில் மிச்சமானது டாக்சியிலும் குளிர்பானத்திலும் பொம்மைக் கடையிலும் போய்விடுகிறது. எனவே புதன்கிழமையே நிகழ்ச்சி, நேரம், பேருந்து எண் மூன்றையும் பார்த்து வையுங்கள். முன்பதிவு தேவையா என்பதையும் கவனியுங்கள். தண்ணீரும் கட்டுச்சோறும் வீட்டிலிருந்தே போகட்டும். இரண்டு இடங்களைச் சொல்லி, ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

"இலவசத்தைத் தேடிப் போவது கௌரவக் குறைச்சல் இல்லையா?" என்று தயங்குவோரும் உண்டு. இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? இவை பெரும்பாலும் பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் இடங்கள். பொருள் சேவை வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு. வசதி படைத்தவர்களும் அதே புல்வெளியில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். "காசில்லை, அதனால் பூங்காவுக்குப் போகலாம்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். "இன்று ஏரி மேடையில் பாட்டு இருக்கிறது, போவோமா?" என்று கேளுங்கள். போகும் இடம் ஒன்றுதான். ஆனால் பிள்ளையின் முகத்தில் வித்தியாசம் தெரியும்.