அமெரிக்காவில் பெட்டி தூக்கிய கதை

(மூன்றாமாண்டு மின்னியல் மாணவன் ஒருவன்)

அமெரிக்கா என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? வானளாவிய கட்டடமா? விண்கலமா? டாலரா? எங்கள் வீட்டில் அமெரிக்கா என்றால் டி.வி.யில் பார்த்த ஒரு கலவரம்தான்.

2021 ஜனவரி 7, காலை நேரம். கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. நான் எட்டாம் வகுப்பு. வெள்ளைக் குவிமாடம் வைத்த ஒரு பெரிய கட்டடத்தின் சுவரில் ஆட்கள் பல்லி மாதிரி ஏறிக்கொண்டிருந்தார்கள். மில்லுக்குக் கிளம்பிய அப்பா, சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "ஏன்டா, அங்கயும் ஓட்டுப் பொட்டியத் தூக்குறானுவளா?" என்று கேட்டார். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது. வீட்டில் படிக்கிறவன் நான் ஒருவன்தான். ஆகவே உலகத்தில் உள்ள எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும். "தெரியலப்பா" என்றேன். இந்த வருடம் எனக்கு வாக்காளர் அட்டை வந்தது. அதைக் கையில் வாங்கியபோது அந்தப் பழைய கேள்வி ஞாபகம் வந்தது. நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம் நாட்டில் இருப்பதுபோல எல்லா மாநிலத்துக்கும் சேர்த்துத் தேர்தலை நடத்தும் ஒரே ஆணையம் அங்கே கிடையாது. 50 மாநிலங்களும் அவரவர் தேர்தலை அவரவரே நடத்திக்கொள்கிறார்கள். அதைக் கவனிக்கும் அதிகாரியே பல மாநிலங்களில் ஒரு கட்சியின் சார்பில் நின்று ஜெயித்து வந்தவர். மேட்ச்சில் அம்பயரே ஒரு டீமின் ஆள் என்றால் எப்படி இருக்கும்! மக்கள் போடும் ஓட்டை வைத்து மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று வாக்காளர் குழு அமைகிறது. மொத்தம் 538 பேர். 270 கிடைத்தால் ஜனாதிபதி. அவர்கள் டிசம்பரில் ஓட்டுப் போட்டு, சான்றிதழை உறையிலிட்டுத் தலைநகருக்கு அனுப்புவார்கள். ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தில் துணை ஜனாதிபதி முன்னிலையில் உறையைப் பிரித்து எண்ணுவார்கள். அவ்வளவுதான். வெறும் சடங்கு என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் அல் கோர் நாடு முழுவதும் புஷ்ஷைவிட ஐந்து லட்சத்துக்கும் மேல் ஓட்டு அதிகம் வாங்கினார். ஆனால் ஃபுளோரிடா மாநிலத்தில் 537 ஓட்டில் தோற்றதால் பதவி போயிற்று. மறுபடி எண்ணுவதை உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. அப்போது துணை ஜனாதிபதி யார்? அதே அல் கோர்! 2001 ஜனவரி 6 அன்று அவரே சபையில் உட்கார்ந்து தன் தோல்வியைத் தானே அறிவித்தார். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு சரியா தப்பா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். யாரும் சுவர் ஏறவில்லை.

2020 நவம்பர் 3 தேர்தலில் பைடனுக்கு 306, டிரம்புக்கு 232. டிரம்ப் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தரப்பில் போட்ட அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் ஏறக்குறைய எல்லாமே தோற்றன. ஜார்ஜியா மாநிலத்தில் வித்தியாசம் 11,779 ஓட்டுத்தான். சுமார் 50 லட்சம் சீட்டுகளையும் அங்கே கையாலேயே மறுபடி எண்ணிப் பார்த்தார்கள், ஜெயித்தவர் மாறவில்லை. 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் அந்த மாநிலத் தேர்தல் அதிகாரி பிராட் ரஃபென்ஸ்பெர்கருக்குப் போன் போட்டு, 11,780 ஓட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்படி கேட்டார். அதிகாரியும் டிரம்ப்பின் கட்சிக்காரர்தான். கணக்கு கணக்குத்தான் என்று மறுத்துவிட்டார். அவர் குடும்பத்துக்கே மிரட்டல் வந்தது. இவர் படித்தது சிவில் எஞ்சினியரிங் என்பதைச் சிவில் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்! (எலக்ட்ரிக்கலில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.)

பிறகுதான் ஜனவரி 6. முடிவை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்று துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் சொல்லிவிட்டார். வெளியே தூக்குமரம் நட்டு, அவரைத் தூக்கில் போடு என்று கூச்சல். கூட்டம் உள்ளே புகுந்தது. சுமார் 140 போலீசார் காயப்பட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஜனங்கள். ஆனால் திட்டத்தோடு வந்த இயக்கங்களும் இருந்தன: ப்ரவுட் பாய்ஸ், ஓத் கீப்பர்ஸ். ஓத் கீப்பர்ஸை 2009-இல் தொடங்கிய ஸ்டூவர்ட் ரோட்ஸ், புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. "படிச்சவன் தப்பு வழிக்குப் போவமாட்டான்டா" என்று நம்பித்தான் அப்பா மூட்டை தூக்கி எனக்கு ஃபீஸ் கட்டுகிறார். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

இந்த வெறி புதிதும் அல்ல. 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரில் அரசு அலுவலகக் கட்டடம் லாரி குண்டால் தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்தார்கள். அதில் 19 பேர் குழந்தைகள். வைத்தவன் டிமோத்தி மெக்வே, வளைகுடாப் போரில் சண்டையிட்ட சிப்பாய். தன் அரசாங்கமே தன் எதிரி என்று நம்பியவன். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நியாயமாகாது. 2017-இல் பேஸ்பால் பயிற்சியில் இருந்த குடியரசுக் கட்சி எம்.பி.க்களைச் சுட்டவன் டிரம்ப் எதிர்ப்பாளன். 2024 ஜூலையில் டிரம்ப் மீதே துப்பாக்கிச் சூடு. குண்டு காதைக் கிழித்தது, கூட்டத்தில் ஒருவர் இறந்தார். 2025 ஜூனில் மின்னசோட்டாவில் ஜனநாயகக் கட்சியின் மெலிசா ஹோர்ட்மன் கணவரோடு வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் டிரம்ப் ஆதரவாளர் சார்லி கிர்க், கல்லூரி மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு இறந்தார். நம்மைப் போன்ற மாணவர்கள் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்!

ரோட்ஸுக்கு 2023-இல் 18 வருடச் சிறை கிடைத்தது. ப்ரவுட் பாய்ஸ் தலைவர் டாரியோவுக்கு 22 வருடம். துணை ஜனாதிபதிக்கு முடிவை மாற்றும் அதிகாரம் இல்லை என்று 2022-இல் சட்டத்தையும் தெளிவாக்கினார்கள். 2024-இல் டிரம்ப் மறுபடி ஜெயித்தார். 2025 ஜனவரி 6 அன்று, தோற்ற கமலா ஹாரிஸ், அல் கோர் மாதிரியே, தானே உட்கார்ந்து தன் தோல்வியை அறிவித்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பதவியேற்ற அன்றே டிரம்ப் அந்தக் கலவர வழக்குகளில் சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். டாரியோவும் ரோட்ஸும் வெளியே வந்தார்கள். எங்கள் தெருவில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியை வைத்துச் சுற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் ஃபியூஸ் போகாது. லேபில் சார் இதற்காக எங்களைத் திட்டாத நாளில்லை. மன்னிப்புச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கம்பிதான் ஞாபகம் வந்தது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் பதில் சொன்னேன். "பொட்டியத் தூக்குனாங்கப்பா. ஆனா தூக்குனது கலவரக்காரன் இல்ல. கூட்டம் உள்ள வர்றதுக்குள்ள அந்த உறையெல்லாம் இருந்த மரப் பொட்டிகள அங்க வேல பாக்குற ஆளுங்க தூக்கிட்டுப் போய்க் காப்பாத்திட்டாங்க. அதனாலதான் அன்னிக்கு ராத்திரியே மறுபடி எண்ண முடிஞ்சுது. விடியக்கால மூன்றரை மணிக்கு மேல முடிச்சாங்க."

அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "தூக்கிட்டு ஓடுனவங்களுக்கு எதாச்சும் குடுத்தாங்களாடா?" என்று கேட்டார்.

அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.