முதலில் நாம் கூப்பிடுவோம்

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்து, மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவரை நாம் என்ன செய்கிறோம்? உடம்பைத் தேற்றி, சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அதற்குப் பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் என்ன ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேரிடம் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். அவ்வளவுதான்.

2008இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் அந்தப் பதினெட்டு மாதத்துக்குள் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். மறுபடி முயல்வது இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. இறப்பில்தான் இவ்வளவு வித்தியாசம். 1986இல் சென்னையில் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இந்த ஆய்வாளர்களில் ஒருவர். நம் ஊரில் செய்து பார்த்த வேலை இது. ஆனால் நம் கல்லூரிகளுக்குள் இந்தப் பாடம் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, இரண்டு ஊரிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரிகள். செஞ்சி, மயிலம், மரக்காணம், விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பாஸோடு வருகிற பிள்ளைகள். பலர் வீட்டிலேயே முதல் பட்டதாரிகள். மூன்று அரியர் விழுந்துவிட்டால், செமஸ்டர் என்றால் என்னவென்றே தெரியாத அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது? அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸ் அது. கல்லூரியில் ஆலோசகர் இருந்தாலும், கடைசி வகுப்பு முடிந்ததும் ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். அடுத்த பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊர்கள் அவை.

கல்லூரி வயதே ஒரு கண்டம். மனநோய்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு 24 வயதுக்குள் தலைகாட்டிவிடுகிறது என்று அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழு 2005இல் கணக்கிட்டது. அதே ஆண்டு உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் முன்வைத்த கோட்பாட்டில் இரண்டு எண்ணங்கள் முக்கியமானவை. ஒன்று, எனக்கென்று யாருமில்லை. மற்றது, நான் எல்லோருக்கும் பாரம். இரண்டும் சேரும்போதுதான் சாவு பற்றிய நினைப்பு வலுக்கிறது என்றார் அவர். கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டாவது எண்ணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடர்ந்து ஒருவர் விசாரித்துக்கொண்டிருப்பது முதல் எண்ணத்தைக் கரைக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளை 'எனக்கு மன அழுத்தம்' என்று வந்து நிற்காது. தலைவலி, வயிற்றுவலி, ராத்திரி தூக்கமே வரலை என்றுதான் சொல்லும். வருகைப் பதிவேட்டில் திங்கட்கிழமைகள் விட்டுப்போயிருக்கும். இன்டர்னல் தேர்வுக்கு வந்திருக்காது. இதையெல்லாம் முதலில் பார்ப்பவர் வகுப்புப் பொறுப்பாசிரியர். அவர் கேட்கலாம்: “ஏம்மா, ரெண்டு வாரமா ஒரு மாதிரியா இருக்கியே, என்ன?” “ஒண்ணுமில்ல சார், தலைவலிதான்.” பெரும்பாலும் பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது. இன்னொரு கேள்வி வேண்டும்: “செத்துடலாம்னு ஏதாவது தோணுதாம்மா?”

அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களிடம் மேட்லின் கூல்டு குழு இதைச் சோதித்தது. தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு அதனால் மன உளைச்சலோ அந்த நினைப்போ கூடவில்லை. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆகவே கேட்கலாம். கேட்டுவிட்டு அறிவுரை சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். 'உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க எத்தனை பேர்' என்று ஆரம்பித்தால் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

ஆலோசனையால் தீராதவையும் உண்டு. 2016 ஜனவரியில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த சின்னசேலம் அருகே, ஒரு தனியார் யோகா மருத்துவக் கல்லூரியின் மூன்று மாணவிகள் இறந்துபோனார்கள். கட்டணக் கொள்ளை என்று கடிதத்தில் குற்றம் சாட்டியிருந்தார்கள். அதற்கு முன்பே மாணவர்கள் போராடியும் பார்த்திருந்தார்கள். அங்கே தேவைப்பட்டது மனுவைப் படித்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரி. கட்டணம், சாதி, பாலியல் தொல்லை என்று வெளியில் இருக்கும் காரணத்தை மாணவரின் மனசுக்குள் தேடிக்கொண்டிருப்பது அநியாயம்.

2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும், உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழக அரசு 2022 டிசம்பரில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்களை மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கியது. எல்லாம் நல்லவையே. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மாணவர் தேடி வரும்வரை காத்திருக்கின்றன. நாமே தேடிப் போகவும் முடியும்: 2021இல் நீட் தேர்வு எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை 104 உதவி எண் சேவை வழியாக அரசே கூப்பிட்டுப் பேச ஏற்பாடு செய்தது. அரியர் வைத்திருக்கும், நீண்ட நாள் வராத பிள்ளைகளின் பட்டியல் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறது. அதை எடுத்து, மாதம் ஒரு முறை ஓர் ஆசிரியர் கூப்பிட்டால் போதும். மருத்துவம் தேவைப்படுவோருக்கு முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகச் சொன்னால் போதாது, ஒருவர் கூடப் போக வேண்டும்.

தற்கொலைக்கு முயன்றவர்மேல் வழக்கு வரும் என்ற பயமும் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தால் இன்றே கூப்பிடுங்கள், அடுத்த வாரமும் கூப்பிடுங்கள். உங்களுக்கே செத்துவிடலாம் என்று தோன்றினால் 14416 எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104லும் பேசலாம்.