முப்புரிக் கயிறும் நம் எலும்பும்

விலங்கினங்களில் மிகுதியாக உள்ள புரதம் கொல்லாஜென் என்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். தோலுக்கும் எலும்புக்கும் அது எப்படி வலுத் தருகிறது என்று கேட்டால் விழிப்பார்கள். தில்லியில் உயிரியல் ஆசிரியையாக இருக்கும் நான் இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

கொல்லாஜென் ஒரு முப்புரிக் கயிறு. இதை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்குச் சொன்னவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். எக்ஸ்-ரே படங்கள் தந்த தடயங்களுக்குப் பொருந்தும்படி, பந்தும் குச்சியுமாக மாதிரி கட்டிப் பார்த்தார்கள். மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியுள்ளன என்று 1955-இல் அதைச் செம்மைப்படுத்தினார்கள்.

நாமும் கட்டிப் பார்க்கலாமே என்று, மூன்று மெல்லிய கம்பிகளில் மணி கோக்கச் சொன்னேன். இரண்டு பெரியது, ஒன்று சிறியது, இதே வரிசை. மூன்று மணிக்கு ஒரு சுற்றாகக் கம்பியை வளைத்தால் சிறிய மணிகள் எல்லாம் ஒரே பக்கம் வரும். அந்தப் பக்கம் உள்ளே இருக்க மூன்றையும் சேர்த்தால் கயிறு கச்சிதமாகப் பொருந்துகிறது. சிறிய மணிதான் கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது. அதை எடுத்துவிட்டு ஒரு பெரிய மணியைக் கோத்தால் அந்த இடம் புடைத்துக்கொள்கிறது.

எலும்பின் கொல்லாஜெனில் இப்படி ஒரே ஒரு கிளைசின் மாறினாலும், லேசான அடிக்கே எலும்பு முறியும் பிறவி நோய் வரலாம். புடைப்பைத் தடவிப் பார்த்த ஒரு மாணவி, "ஒரு மணிக்கா மிஸ் இவ்வளவு?" என்று கேட்டாள். ஒப்பித்த பிள்ளை இப்படிக் கேட்டதில்லை.

கோடை விடுமுறையில் வீட்டிலும் செய்து பாருங்கள். பாசிமணியும் கம்பியும் போதும்.